கண் அழுத்தத்தை அளக்கும் கருவிகள்: ஆளுக்கு ஓர் எண் சொல்வது ஏன்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நோய் எதுவும் இல்லாத ஒருவர் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போகிறார். அங்கே காற்றூதும் கருவி 19 என்கிறது. சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வருகிறார். நீல ஒளியில் பார்த்து அளக்கும் கருவி 15 என்கிறது. அடுத்த மாதம் முகாமில் கையடக்கக் கருவி 17 என்கிறது. மூன்று சீட்டுகளையும் மேசையில் பரப்பி, "இதில் எது சரி, எது தப்பு?" என்று கேட்கிறார். கண் பரிசோதகராக நாள் முழுவதும் இந்த அளவை எடுத்துக்கொண்டிருக்கும் என்னிடம் வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. மூன்றுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் பதில். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் அவருக்குக் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கண் அழுத்தம் என்பது இரத்த அழுத்தம்தானா?

இல்லை. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர். அதே வேகத்தில் கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. சுரப்புக்கும் வடிகாலுக்கும் இடையிலுள்ள கணக்குத்தான் கண் அழுத்தம். கண்ணீர் வேறு, இந்த நீர் வேறு. இரத்த அழுத்தம் அதிகமுள்ளவருக்குக் கண் அழுத்தமும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆரோக்கியமான பெரியவர்களிடம் இது சராசரியாக 15 அல்லது 16 மி.மீ. பாதரசம். 10 முதல் 21 வரை இயல்பு என்று எழுதுவது வழக்கம். அந்த 21 என்ற எல்லை, பெருந்திரளான மக்களை அளந்து புள்ளியியல் கணக்கில் வகுத்த கோடு. 21-இல் இருப்பவர் நலம், 22-இல் இருப்பவர் கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நீர் அழுத்த நோய்) நோயாளி என்று உடம்பு பிரித்து வைக்கவில்லை.

நேரடியாகவே அளந்துவிட்டால் இந்தக் குழப்பம் இருக்காதே?

நேரடியாக அளப்பது என்றால் கண்ணுக்குள் ஊசி செலுத்தி அளக்க வேண்டும். அறுவை அரங்கில், வேறு காரணத்துக்காகக் கண்ணைத் திறக்கும்போது ஆய்வுக்காக அப்படி அளந்திருக்கிறார்கள். நலமாக இருக்கும் ஒருவரிடம் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

ஆகவே எல்லாக் கருவிகளும் வெளியிலிருந்தே மதிப்பிடுகின்றன. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவை அழுத்தியோ, தட்டியோ, காற்றால் தள்ளியோ பார்த்து, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று கணக்கிடுகின்றன. பந்தை விரலால் அமுக்கிக் காற்று போதுமா என்று பார்க்கிறோமே, அதே முறைதான். பந்தின் தோல் தடித்தது என்றால் காற்று குறைவாக இருந்தாலும் விரலுக்குக் கெட்டியாகத் தெரியும். கருவிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்தத் "தோல்" விவகாரத்தில்தான் அடங்கியிருக்கிறது.

கோல்ட்மன் கருவியை மட்டும் ஏன் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் உருவாக்கிய கருவி இது; மேலே சொன்ன நீல ஒளிக் கருவி இதுதான். கார்னியாவின் நடுவில் ஒரு சிறு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை இது அளக்கிறது. அந்த வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீட்டர். ஏன் இந்த விசித்திரமான எண்? கார்னியாவின் விறைப்பு, கருவியை வெளியே தள்ளும். கண்ணீர்ப் படலத்தின் பரப்பு இழுவிசை, கருவியைக் கண்ணை நோக்கி இழுக்கும். இந்த அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதோடு, கிராமில் உள்ள விசையைப் பத்தால் பெருக்கினால் மி.மீ. பாதரசம் கிடைத்துவிடும். இத்தனை எளிமையாக இயற்பியலைக் கருவிக்குள் அடக்கியவர் மீது எனக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு.

அளப்பது இப்படி: மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கண்ணீரில் கலக்கிறோம். நோயாளி தாடையையும் நெற்றியையும் தாங்கியில் வைத்துக்கொள்கிறார். நீல ஒளியில் கருவியின் சிறு முனை கார்னியாவைத் தொட்டதும், லென்ஸ் வழியாகப் பார்க்கும் எங்களுக்கு மேலும் கீழுமாக இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். பக்கத்திலுள்ள திருகைத் திருப்பத் திருப்ப அவை நகரும். இரண்டின் உள்விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டவுடன் திருகை நிறுத்தி எண்ணைப் படிக்க வேண்டும். இதயத் துடிப்புக்கு ஏற்ப அந்த விளிம்புகள் மெல்ல விலகிச் சேர்வதைக் காணலாம். அந்த ஊசலாட்டத்தின் நடுவில் நிறுத்துவதுதான் கைப்பழக்கம். சாயம் அதிகமாகி அரைவட்டங்கள் தடித்தால் எண் உண்மையைவிடக் கூடும். மெலிந்து போனால் குறையும்.

ஒரு முறை ஓர் அம்மாவுக்கு 24 வந்தது. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு, இமைகளை இறுக்கிப் பிடித்திருந்தார். உயரம் எட்டாமல் முன்னால் எக்கிச் சாய்ந்திருந்தார். நாற்காலியை உயர்த்தி, "மூச்சை இயல்பாக விடுங்கள் அம்மா, தாடையைத் தளர்த்துங்கள்" என்று சொல்லி ஐந்து நிமிடம் கழித்து அளந்தபோது 17. அதே கண், அதே கருவி, அதே கை. அளவுகோல் என்று நாம் வணங்கும் கருவிக்கே இப்படி என்றால், மற்றவற்றை அதோடு ஒப்பிடும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்று பாருங்கள்.

கண்ணாடிக் கடையில் காற்றூதும் கருவியை நம்பலாமா?

முதற்கட்டச் சோதனைக்கு நம்பலாம். 1972-இல் பெர்னார்ட் குரோல்மன் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு சிறு காற்றுவீச்சு கார்னியாவை நொடியில் தட்டையாக்க, அந்தக் கணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் கருவி அழுத்தத்தைக் கணிக்கிறது. கண்ணைத் தொடுவதில்லை, சொட்டு மருந்து தேவையில்லை.

வீச்சு சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவதால், அது இதயத் துடிப்பின் எந்தக் கட்டத்தில் பட்டது என்பதைப் பொறுத்தே எண் மாறும். அதனால் ஒரே ஒரு வீச்சின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு கண்ணிலும் குறைந்தது மூன்று அளவுகள் எடுத்துச் சராசரி காண வேண்டும். முதல் வீச்சில் திடுக்கிட்டுக் கண்ணை இறுக்குவோருக்கு எண் கூடுதலாக வருவதும் வழக்கம். கருவிகளின் ஒப்பீட்டு ஆய்வுகளை 2012-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, கோல்ட்மனோடு நெருங்கி நின்றவற்றில் இது முன்வரிசையில் இருந்தது. காற்றூதும் கருவியின் அளவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கோல்ட்மன் எண்ணிலிருந்து 2 மி.மீ.க்குள் இருந்தன. மீதி மூன்றில் ஒரு பங்கு அதற்கு வெளியே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குழந்தைக்கு மருந்தே விடாமல் ஊசி போன்ற ஒன்றால் தட்டி அளந்தார்களே, அது என்ன?

ஊசி அல்ல. நுனியில் 1.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு பிளாஸ்டிக் குமிழ் கொண்ட மெல்லிய கம்பி. ஃபின்லாந்தில் உருவான இந்தக் கருவியை ஐகேர் என்ற பெயரில் பலரும் அறிவார்கள். காந்த விசையால் கம்பி முன்னேறிக் கார்னியாவைத் தொட்டுத் துள்ளித் திரும்புகிறது. அழுத்தம் அதிகமான கண்ணில் பட்டால் விரைவாக வேகமிழந்து திரும்பும். மென்மையான கண்ணில் மெதுவாக. ஆறு முறை தட்டி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டுக் கருவி சராசரி தருகிறது. தொடுகை அவ்வளவு இலேசானது என்பதால் மரத்துப்போகும் மருந்து வேண்டியதில்லை.

குழந்தைகளிடமும், தாடையைத் தாங்கியில் வைக்க முடியாத முதியவர்களிடமும் இதன் அருமை தெரியும். ஒரு குறை: தடித்த கார்னியாவில் எண் கூடுதலாக வரும் பழக்கம் இதற்கும் உண்டு. கம்பி கார்னியாவின் நடுவில், செங்குத்தாகப் படாவிட்டாலும் அளவு பிசகும்.

முகாம்களில் பயன்படுத்தும் மற்ற கருவிகள்?

பெர்கின்ஸ் என்பது கோல்ட்மனின் கையடக்க வடிவம். படுத்த நிலையிலும் அளக்கலாம். டோனோபென் பேனா அளவில் இருக்கும். முனையில் மெல்லிய ரப்பர் உறை மாட்டி, கார்னியாவில் பல முறை தொட்டு எடுப்பார்கள். கார்னியாவில் தழும்பு உள்ளவர்களிடம் இது கைகொடுக்கும். நார்வேயின் ஷியாட்ஸ் 1905-இல் தந்த கருவியோ, படுக்க வைத்து எடைக்கட்டியோடு கண்மேல் நிறுத்திக் குழி எவ்வளவு விழுகிறது என்று அளப்பது. மின்சாரமே வேண்டாம். ஆனால் கண்சுவர் நெகிழ்ந்திருக்கும் கடுமையான கிட்டப்பார்வைக்காரர்களிடம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

கார்னியாவின் தடிமன் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

முக்கியம். கோல்ட்மன் தம் கணக்கைச் செய்தபோது, கார்னியாவின் நடுத்தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டார். பெரிதாக மாறாது என்றே அன்று நினைத்தார்கள். தடிமனை எளிதாக அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான், ஆரோக்கியமானவர்களிடமே அது 450 மைக்ரானிலிருந்து (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) 600-க்கு மேல் வரை போகும் என்று தெரிந்தது. தடித்த கார்னியாவில் கருவி கூட்டிச் சொல்லும். மெலிந்ததில் குறைத்துச் சொல்லும்.

நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். சென்னையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வு போன்றவை, நம் மக்களின் கார்னியா சராசரியாக ஐரோப்பியர்களுடையதைவிட மெலிந்தது என்று காட்டியிருக்கின்றன. அங்கே வகுத்த 21 என்ற எல்லையை இங்கே அப்படியே பொருத்தி "இயல்பு" என்று அனுப்பிவிடுவது என்னைக் கவலைப்பட வைக்கும் பழக்கம். அந்த ஆய்விலேயே, கிளாக்கோமாவின் திறந்த கோண வகை (வடிகாலின் வாய் அடைபடாமல் திறந்தே இருக்கும் வகை) கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, பரிசோதனை நாளன்று அழுத்தம் இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது.

கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதை அவசியம் சொல்ல வேண்டும். அந்தச் சிகிச்சை கார்னியாவை மெலிதாக்குவதால் அதன்பின் பெரும்பாலான கருவிகள் குறைத்தே காட்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த அழுத்தத்தையும் தடிமனையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனைப் போட்டால் "திருத்திய அழுத்தம்" தரும் சூத்திரங்களும் உண்டு. ஒரு சூத்திரம் தரும் விடையை இன்னொன்று தராது. ஒரே தடிமனுள்ள இரண்டு கார்னியாக்களில் ஒன்று விறைப்பாகவும் மற்றது நெகிழ்வாகவும் இருக்கலாம் என்பதால், தடிமனை மட்டும் வைத்துத் திருத்துவது ஒரு தனிமனிதருக்குப் பொருந்தாமல் போகலாம். இந்தச் சிக்கலைக் குறைக்கவே பாஸ்கல் என்ற கருவி வந்தது. தட்டையாக்குவதற்குப் பதில், கார்னியாவின் வளைவோடு பொருந்தி உட்காரும் முனையில் உணரியை வைத்திருக்கிறார்கள். தடிமனால் இது அதிகம் பாதிக்கப்படுவதில்லை; ஆனால் கோல்ட்மனைவிடப் பொதுவாக ஓரிரு மி.மீ. கூடுதலாகக் காட்டும்.

கருவிகளை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு ஏன் ஆரோக்கியமானவர்களை அழைக்கிறார்கள்? நோயாளிகளிடம்தானே சோதிக்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. நோயாளி சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். மருந்தின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். சிலருக்கு அறுவை நடந்திருக்கும். இவை எதுவும் இல்லாத கண்ணில் அளந்தால், இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு கருவியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். இது நல்ல தொடக்கம்.

ஆனால் ஆய்வு நேர்மையாக நடக்கப் பல கட்டுப்பாடுகள் வேண்டும். எந்தக் கருவி முதலில் என்பது பெரிய விஷயம். தொட்டு அழுத்தும் கருவியால் திரும்பத் திரும்ப அளந்தால், கண்நீர் சற்றே பிழியப்பட்டு அழுத்தம் இறங்கும். இரண்டாவதாக வரும் கருவி "குறைத்துக் காட்டுகிறது" என்று தவறாகப் பழி சுமக்கும். ஆகவே வரிசையைக் குலுக்கிப் போட வேண்டும். இடையே ஐந்து பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும். தொடாத கருவியை முதலில் வைப்பதும் ஒரு வழி. எல்லாரையும் ஒரே நேரப் பகுதியில் அளக்க வேண்டும். திருகைத் திருப்புபவர் எண்ணைப் பார்க்கக்கூடாது. எண்பலகையை மறைத்துவிட்டு இன்னொருவர் படித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் கருவி 16 என்றதைக் கேட்ட கை, இரண்டாவதிலும் 16-க்கு அருகில் போய் நிற்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை அப்படித்தான். ஒருவரின் இரண்டு கண்களையும் தனித்தனி ஆட்கள் போல எண்ணிக்கையில் சேர்ப்பதும் தவறு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும்.

"இரண்டு கருவிகளுக்கும் வலுவான தொடர்பு இருக்கிறது" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

தொடர்பு வேறு, உடன்பாடு வேறு. ஒரு தராசு எப்போதும் 100 கிராம் குறைத்துக் காட்டினாலும், சரியான தராசோடு அதன் தொடர்பு முழுமையாகவே இருக்கும். இதைத் தெளிவாக்கி, மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் ஒரு முறையைப் பரப்பினார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு கருவிகளின் வேறுபாட்டை எடுத்து, அதன் சராசரி என்ன, எந்த எல்லைக்குள் பரவியிருக்கிறது என்று பார்ப்பதே அது.

நான் மாணவர்களுக்குப் போடும் கணக்கு ஒன்று. ஐந்து பேருக்குக் கோல்ட்மன் எண்கள் 14, 16, 12, 18, 15. புதுக் கருவி அதே வரிசையில் 17, 13, 14, 16, 15 என்கிறது. வேறுபாடுகள் +3, −3, +2, −2, 0. சராசரி வேறுபாடு பூஜ்யம்! "துல்லியமாகப் பொருந்துகிறது" என்று அச்சடிக்கலாம். ஆனால் ஐந்தில் ஒருவருக்குத்தான் சரியான எண் கிடைத்தது. நோயாளி சராசரியாக வருவதில்லை, ஒருவராகத்தான் வருகிறார். அதனால் சராசரியைத் தாண்டிப் பரவலைக் கேளுங்கள்.

ஆரோக்கியமானவர்களிடம் நன்றாகப் பொருந்திய கருவி நோயாளிகளிடமும் பொருந்துமா?

பொருந்தும் என்று அனுமானிக்கக்கூடாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோர் 11-க்கும் 19-க்கும் இடையில் இருக்கிறார்கள். கெட்டுப்போய், யார் கண்ணைக் காட்டினாலும் "15" என்றே சொல்லும் ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். இவர்களிடம் அது பெரும்பாலும் 4 மி.மீ.க்குள்தான் தவறும்! ஆய்வறிக்கையில் அந்த எண் மோசமாகத் தெரியாது. அதே கருவி, 34 அழுத்தத்தோடு வரும் ஒருவரிடமும் "15" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கண் அழுத்தக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம், ஐ.எஸ்.ஓ. 8612, இதை உணர்ந்தே எழுதப்பட்டது. அழுத்தத்தைத் தாழ்வு, நடு, உயர்வு என மூன்று பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் போதிய கண்களை அளக்கச் சொல்கிறது. 23-உம் அதற்கு மேலும் உயர்பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் 5 மி.மீ.க்கு மேல் விலகும் அளவுகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது. ஆரோக்கியமானவர்களை மட்டும் அளந்த ஆய்வால் அந்த மேல்பட்டையை எட்டவே முடியாது. கருவி வாங்கும் மருத்துவமனைகள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உயர் அழுத்தத்தில் எத்தனை கண்களை அளந்தீர்கள்?" என்பது.

ஒரே கருவியில் காலையும் மாலையும் வேறு எண் வருகிறதே?

வரத்தான் செய்யும். ஆரோக்கியமான கண்ணிலேயே ஒரு நாளில் 2 முதல் 6 மி.மீ. வரை ஏறி இறங்கும். பலருக்கு விடியற்காலையை ஒட்டி உச்சத்தில் இருக்கும். படுத்தால் கூடும். இறுக்கமான கழுத்துப்பட்டை, மூச்சடக்கல், ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பது எல்லாமே ஏற்றும். சிரசாசனம் செய்யும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சென்னையில் யோகப் பயிற்சியாளர்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. டிரம்பெட், ஓபோ போன்று அழுத்தி ஊத வேண்டிய வாத்தியங்களும் வாசிக்கும் நேரத்தில் ஏற்றுகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களைப் பார்க்கிறேன். சிலருக்கு அதனாலேயே அழுத்தம் கடுமையாக ஏறும், வலியே இருக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்கு 23 வந்திருக்கிறது. நோய் வந்துவிட்டதா?

பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். அழுத்தம் மட்டும் அதிகமுள்ள 1,600-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. மருந்தில்லாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 9.5, மருந்து பெற்றவர்களில் 4.4. மருந்து பயன் தருகிறது. மருந்தில்லாமலே பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் காலத்தில் நோய் வரவில்லை என்பதும் உண்மை. யாருக்கு வரும் என்று கணிக்க உதவியவற்றில் மெலிந்த கார்னியா முக்கியமானது.

வேறொரு நாளில் கோல்ட்மனில் அளக்கச் சொல்லுங்கள். தடிமன் எடுத்து, பார்வை நரம்பைப் பார்த்து, தேவையானால் பார்வைப் புலப் பரிசோதனையும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை) செய்யச் சொல்லுங்கள். வீட்டில் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், எண் 14 ஆக இருந்தாலும் நரம்பைக் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அளக்கும்போது வலிக்குமா? தொற்று வருமா?

வலிக்காது. மரத்துப்போகும் மருந்து விட்டால் அடுத்த அரை மணி நேரம் கண்ணைக் கசக்காதீர்கள். உணர்ச்சி இல்லாததால் கீறல் விழுந்தாலும் தெரியாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வர வேண்டும். சாயம் லென்ஸில் ஏறிவிடும். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில், கண்ணைத் தொடும் முனையைத் துடைத்தார்களா, மாற்றினார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. கண் சிவந்து பீளை தள்ளிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சீட்டில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

எண்ணோடு தேதி, மணி, கருவியின் பெயர், கார்னியாவின் தடிமன், போட்டுக்கொண்டிருக்கும் மருந்து. "வலது 17, இடது 16" என்று மட்டும் இருந்தால் அடுத்து பார்ப்பவரால் அதை எதோடும் ஒப்பிட முடியாது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்கள் முடிந்தவரை ஒரே கருவியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். என்னிடம் வரும் ஒரு பெரியவர், பேரனின் பழைய பள்ளி நோட்டில் ஒன்பது ஆண்டு அளவுகளைக் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். கருவி மாறிய இடத்தில் மட்டும் சிவப்பு மை. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலே 16, 16, 15, கீழே 18, 18, 17. அவருடைய மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று மருத்துவர் ஒரே பார்வையில் முடிவு செய்ததற்கு அந்த நோட்டுத்தான் உதவியது.